நான் அடித்த நீட்டு மணி

1953 பிப்ரவரி 8, ஞாயிறு

நான் அன்றைக்கே சொன்னேன். போன கார்த்திகையில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளின் பந்து பாழுங்கிணற்றில் விழுந்ததே, அன்றைக்கே என் பழக்கடை முன்னால் நின்று சொன்னேன். "இவன்கள் இனிப் பந்து விளையாட மாட்டான்கள், நாடகம் போடுவான்கள், அதில் பாட்டு இருக்கும், அந்தப் பாட்டை என் மருமகன் எழுதுவான்." நாலு பேர் கேட்டார்கள். நாலா? ஒரு பஸ் கூட்டமே நின்று கேட்டது. இப்போது எல்லாம் அட்சரம் பிசகாமல் நடக்கிறது.

கிருஷ்ணமணி, என் செல்லத்தாய் அக்காவின் மகன், வயது இருபது, நாடகத்தை எழுதி முடித்துவிட்டான். பெயர் 'ஓடு விழுந்த பள்ளிக்கூடம்'. மழைக்கு ஓடு விழுகிற ஒரு பள்ளிக்கூடம், அதை மூடச் சொல்லி உத்தரவு வருகிறது. டீச்சரும் பிள்ளைகளும் என்ன செய்கிறார்கள் என்பது கதை. மொத்தம் ஒன்பது பாட்டு. இன்றைக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் வைத்து வாசித்தான். நான் இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்தேன். ஒரு இடம் தூசி.

வாசிப்பு முடிந்ததும் ஆர்மோனியம் வாசிக்கிற ஜெயசிங் என்னிடம் வந்தான். "மாமா, ஒத்திகைக்கு வாற பிள்ளையளுக்கு வாரம் ஒரு குலைப் பழம் தருவியளா?" என்று கேட்டான். அவன் கேட்டது பழம்தான், ஆனால் தேடியது அனுபவம் என்று எனக்குப் புரிந்தது. கொல்லத்தில் ஒரு நாடகக் கம்பெனியில் மூன்று வருஷம் திரை இழுத்தவன் நான். மூன்று மாதம் என்று அக்கா சொல்லுவாள், அவளுக்குக் கணக்கு வராது. ஆகவே இன்று முதல் நான் சங்கத்தின் ஆலோசகர். பழமும் கொடுப்பேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டீச்சர் வேஷம் சங்கத்துச் செல்வதாஸுக்கு. மீசையை எடுக்க மாட்டேன் என்கிறான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பெரிய சிக்கல் ஒன்று, அது என்னால் தீர்ந்தது.

பெண் வேஷத்துக்கு ஆண்தான், அதில் இங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் செல்வதாஸ் வாயைத் திறந்து பாடினால் வேலியில் நிற்கிற மாடு கயிற்றை அறுக்கும். ஜெயசிங்கின் தங்கை ராஜபாய் பாடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் குரல் கேட்டால் ரோட்டில் போகிற வில்வண்டி நிற்கும். ஆனால் அவளை மேடையில் ஏற்ற அவள் வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

"மேடையில்தானே ஏறக் கூடாது? மேடையில ஒரு கரும்பலகை நிக்குமில்லா? அதுக்குப் பின்னால இருந்து பாடலாம். யாருக்கும் தெரியாது" — யோசனை என்னுடையது. ராஜபாய்தான் வாயைத் திறந்து சொன்னாள். ஆனால் நான் மனதில் நினைத்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

"அப்பம் என் வாய் அசையணும். மீசையும் சேந்து அசையுமே," என்றான் செல்வதாஸ்.

கிருஷ்ணமணி பென்சிலை எடுத்து நாடகத்தில் ஒரு வரி சேர்த்தான். டீச்சருக்குப் பல்வலி. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருப்பாள். மீசையும் பிழைத்தது, பாட்டும் பிழைத்தது.

இப்படிப்பட்ட மூளை உள்ளவனைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை தோற்கடித்தார்கள். மூன்றாம் தடவை ஜெயித்தான். வெளியூர்க்காரர்களிடம் நான் முதல் தடவை என்றுதான் சொல்வது.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அத்தான் வந்தார். கிருஷ்ணமணியின் அப்பா முத்துநாயகம். வயலிலிருந்து நேரே, காலில் சேறு. கையில் ஒரு காகிதம். பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அங்கே எழுத்து வேலைக்கு ஆள் வேண்டுமாம், மார்ச் பத்துக்குள் வரச் சொல்லி எழுதியிருக்கிறார்.

"ஏலே, பெட்டியைக் கெட்டு," என்றார்.

"அப்பா, நாடகம் ஏப்ரல்ல இருக்கு."

"நாடகம்! பள்ளிக்கூடத்துல ரெண்டு மட்டம் தோத்தவன் பள்ளிக்கூடத்தப் பத்தி நாடகம் எழுதுகான்!"

செல்வதாஸ் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. கிருஷ்ணமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் குளிரிலும் அட்டைக்கடியிலும் போய் மூட்டை எண்ணி எழுதுகிற பையனா அவன்? அவன் போனால் இந்த நாடகமும் போயிற்று. நாடகம் போனால்கூடப் பரவாயில்லை. "அங்க போனா பொறவு நான் ஒண்ணும் எழுத மாட்டேன் மாமா" என்று என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் நான் முன்னால் வந்து, நேற்று நடந்ததைச் சொன்னேன். நேற்றே அதை இதில் எழுதியிருக்க வேண்டும், கடையில் நெருக்கடி, மறந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நேற்றுப் பள்ளிக்கூட மேனேஜர் ஜான்ரோஸ் ஐயா என் கடைக்கு வந்தார். மட்டிப்பழக் குலை ஒன்றை வாங்கினார். நல்ல பெரிய குலை. என் தோளில் கை வைத்து, "பொன்னுலிங்கம், நம்ம பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இந்த வருஷத்தோடு ஓய்வு. உம்ம மருமகன் நாடகம் நல்லபடி நடந்தால் அந்த இடம் அவனுக்குத்தான்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அத்தான் என்னையே பார்த்தார். "நெசமா?"

"அத்தான், என் கடையில வச்சு, என் தோளத் தொட்டுச் சொன்னாரு."

அவர் காகிதத்தை மடித்து மடியில் வைத்தார். "செரி. பீர்மேட்டுக்காரர்ட்ட ஜூன் வரை பொறுக்கச் சொல்லி எழுதுகேன். நாடகம் நல்லா நடக்கணும். நடக்கல்லேண்ணா மறுநாளு காலையில பீர்மேட்டு பஸ்ஸு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் என்னைத் தோளில் தூக்காத குறை. கிருஷ்ணமணி மட்டும் என் பக்கத்தில் வந்து, "நேத்து நீங்க கடை திறக்கல்லையே மாமா?" என்றான்.

மத்தியானத்துக்குப் பிறகு திறந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

நாடகத்துக்குப் பள்ளிக்கூடத்துக் கூடத்தைத் தரச் சொல்லிக் கேட்க கிருஷ்ணமணியும் ஜெயசிங்கும் மேனேஜர் ஐயாவிடம் போனார்கள். நானும் வர வேண்டும் என்றார்கள். எனக்கு வயிறு சரியில்லை.

ஐயா ஒப்புக்கொண்டார். மூன்று நிபந்தனைகள்: ஏப்ரல் 11 சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கும் முன் முடிக்க வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சங்கத்துப் பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

"வேற ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் சொல்லல்ல," என்றான் கிருஷ்ணமணி. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

பெரிய மனிதர்கள் ஒரு விஷயத்தை மூன்றாம் தடவை சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 7, சனி

அக்கா கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை. போகும்போது திரும்பி, "ஏலே பொன்னு, மேனேஜர் நெசமாட்டே சொன்னாவளா?" என்று கேட்டாள். "ஆமா அக்கா" என்றேன். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கும் நிஜம் போலவே இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

பாட்டெல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஆறாவது பாட்டுத்தான் உயிர். கதையில் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். கடைசி மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். டீச்சர் மட்டும் வகுப்பில் தனியாக நின்று பாடுகிறாள். ராஜபாய் பலகைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அதைப் பாடினபோது பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். எழுதி வைக்கிறேன்:

மணி அடிச்சாச்சு, மக்களெல்லாம் ஓடியாச்சு,
பலகையில கணக்கு மட்டும் பாதியில நிக்குது.
சுண்ணாம்புக் கையைத் துடைக்க மனசில்லே —
நாளைக்கு வாறவனுக்கு மிச்சம் வைக்கேன்.

இதில் 'பாதியில' என்ற வார்த்தை நான் சொன்னது என்று நினைக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

மணியைப் பற்றித் தகராறு. கிருஷ்ணமணி சொல்லுகிறான், ஒரு பித்தளைத் தாம்பாளத்தை மேடைக்குப் பின்னாலிருந்து மெல்ல நாலு தட்டுத் தட்டினால் போதுமாம். தாம்பாளமா? கல்யாண வீடா இது? வராந்தாவில் அசல் பள்ளிக்கூடத்து மணி தொங்கும்போது தாம்பாளத்தைத் தட்டுகிறவன் நாடகக்காரன் இல்லை. கொல்லத்துக் கம்பெனியில் குதிரை என்றால் குதிரையே வரும்.

"மாமா, அது ரெம்பப் பெரிய சத்தம். தாம்பாளம் போதும்," என்றான் மறுபடியும்.

"மக்கா, நீ எழுது. அடிக்கது நான்," என்றேன்.

ஆலோசகர் சொல்லுக்கு மறு சொல் உண்டா?

ஏப்ரல் 10, வெள்ளி

நாளைக்கு. அத்தான் இன்றைக்கு ஒரு புது வேட்டி எடுத்திருக்கிறார், நாடகத்துக்கா பீர்மேட்டுக்கா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. எழுத விட்டார்களா? பார்க்கிறவன் எல்லாம் கையைப் பிடித்தான்.

கூட்டம் ஐந்நூறு. ஜெயசிங் முந்நூறு என்கிறான், ஆனால் அவன் குனிந்து ஆர்மோனியத்தைத்தான் பார்த்தான். முன்னால் தரையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் மேனேஜர் ஐயா. பெஞ்சு வரிசையின் கடைசியில் அத்தான், புது வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு.

முதல் ஐந்து பாட்டும் அருமையாகப் போயிற்று. பல்வலி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடும்போது பெண்கள் "பாவம், பல்லு வேதனையிலயும் எப்பிடிப் பாடுகா பாத்தியா!" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அப்புறம் மணி. நான் வராந்தாவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிருஷ்ணமணி சன்னல் வழியாகக் கையைக் காட்டினான். அடித்தேன். ஒன்று, இரண்டு என்று விட்டுவிட்டு அடிப்பது பாடவேளை மணி. நிறுத்தாமல் நீளமாக அடித்தால்தான் பள்ளிக்கூடம் விட்ட மணி. நான் அந்த நீட்டு மணியை அடித்தேன். திருவிதாங்கூரில் இத்தனை தத்ரூபமாக மணி அடித்தவன் முன்னேயும் இல்லை, இனியும் இல்லை. ஏனென்றால், அதை நிஜம் என்றே எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

முதலில் எழுந்தது முன்வரிசைப் பிள்ளைகள். வருஷம் முழுக்க அந்த மணிக்கு ஓடிப் பழகிய கால்கள் அல்லவா? ஒரே இரைச்சலாகக் கதவைப் பார்த்து ஓடினார்கள். பிள்ளைகள் ஓடியதும் தாய்மார் எழுந்தார்கள். தாய்மார் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். "அவ்வளவுதானா? நல்லாத்தான் இருந்துது," "முடிவு செரியில்ல கேட்டியா," என்று பேசிக்கொண்டே ஐந்நூறு பேரும் என்னைக் கடந்து வெளியே போனார்கள். "இருங்க, இருங்க, முடியல்ல!" என்று கிருஷ்ணமணி கத்துகிறான். யார் காதில் விழும்? நான் இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தானும் போனார். நாடகம் நன்றாக நடக்க வேண்டும் என்பதுதானே பேச்சு? அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார். அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. கயிற்றை விட்டேன், பாய்ந்து ஓடினேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் அத்தானின் கையைப் பிடித்தேன். "அத்தான், நாடகம் முடியல்ல, திரும்புங்க!" என்றேன். "விடுலே" என்றார். நான் விடவில்லை. இழுத்தேன். அவர் என்னைவிட உயரம், இருந்தாலும் இழுத்தேன்.

இதற்குள் கூடத்தில் நடந்ததை ஜெயசிங் சொன்னான். செல்வதாஸ் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்தைத் திருப்பிக் கூப்பிட வெளியே ஓடிவிட்டான். மேடையில் ஒருவரும் இல்லை. ஆனால் பலகைக்குப் பின்னால் ராஜபாய் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது. மணி அடித்தது, பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. நாடகத்திலும் அப்படித்தான். இன்றைக்குச் சத்தம் நல்லா வந்திருக்கே என்று நினைத்தாளாம். ஆறாவது பாட்டைத் தொடங்கிவிட்டாள்.

காலியான கூடம், காலியான மேடை, ஒரு பலகை, பாதிக் கணக்கு. பலகை பாடுகிறது.

மணி அடிச்சாச்சு, மக்களெல்லாம் ஓடியாச்சு...

வாசலில் நின்றவர்கள் முதலில் திரும்பினார்கள். அப்புறம் மைதானத்தில் நின்றவர்கள். உள்ளே போக யாருக்கும் தோன்றவில்லை, சத்தம் போட்டால் பாட்டு நின்றுவிடுமோ என்று பயந்தவர்கள் போல ஒவ்வொரு சன்னலிலும் வந்து நின்றார்கள். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது அத்தானுக்கும் எனக்கும் கிடைத்தது மேற்குச் சன்னலின் ஒரு மூலை. செல்வதாஸ் எங்கள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினான். முந்தானை தோளில், மீசை காற்றில். ஒருவரும் சிரிக்கவில்லை. உள்ளே எழுந்திருக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர். நாற்காலியில் மேனேஜர் ஐயா.

நாடகத்தில் அடுத்த காட்சி, விட்டுப்போன பிள்ளைகள் திரும்பி வருவது. பாட்டு முடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிஜமாகவே திரும்பி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், சங்கத்துப் பிள்ளைகளுக்கு நுழைய இடமில்லை. ராஜபாய் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அத்தனை சன்னலிலும் முகம். "அய்யோ!" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அதற்குக் கைதட்டினார்களே ஒரு கைதட்டல்!

விளக்கு வைக்கும் முன் முடிந்தது. இது எல்லாம் நான் முன்கூட்டியே யோசித்து அடித்த மணி என்று செல்வதாஸிடம் சொன்னேன். பாதி நம்பினான்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அத்தான் வெற்றிலை, பழம், தேங்காயோடு மேனேஜர் வீட்டுக்குப் போயிருக்கிறார். "வாக்குத் தந்தவரை நேருல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்லா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிட்டாராம்.

எனக்கு யாரும் சொல்லல்லையே! சொல்லியிருந்தா கெட்டிப் புடிச்சு நிறுத்தியிருப்பேனே. இப்பம் என்ன செய்ய? சவத்து வாய், சும்மா கெடந்துதா? தோளத் தொட்டாராம், ரெண்டு மட்டம் சொன்னாராம்.



ஏப்ரல் 15, புதன்

அத்தான் கடைக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எப்போதும் தெரியாது.

"போனேன். வாக்குக்கு நன்றி சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. பொறவு, 'எங்க வச்சுச் சொன்னேன்?'ன்னு கேட்டாரு. 'பொன்னுலிங்கம் கடையில'ன்னேன். 'ஆமா, ஆமா, பொன்னுலிங்கம் கடையில'ன்னாரு. காப்பி தந்தாவ," என்றார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கு உன் கடைக்கு வாறாராம்."

ஏப்ரல் 16, வியாழன்

வந்தார்.

வெள்ளைக் கோட்டு, குடை. கடை முன்னால் நின்று தொங்குகிற குலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்ன வே பொன்னுலிங்கம், சொகமா?" என்றார். "சொகம் ஐயா" என்றேன், எனக்கே கேட்கவில்லை.

"அண்ணைக்கு நான் உம்ம கடையில வாங்கினது எந்தக் குலை?"

"மட்டி, ஐயா."

"எத்தன சீப்பு?"

"ப... பத்து."

"பதினாலு இருந்த மாதிரில்லா எனக்கு ஓர்மை." குடையால் ஒரு குலையைத் தொட்டார், கடையிலேயே பெரியது. "வாங்கினேனே தவிர எடுத்துட்டுப் போக மறந்துட்டேன் போல இருக்கு. வீட்டுல கேட்டாவ."

நான் இறக்கிக் கொடுத்தேன். கூடவே இரண்டு சீப்பு ஏத்தன் பழம் வைத்தேன்.

போகிறவர் நின்றார். "அந்தப் பயல ஒரு மனு எழுதித் தரச் சொல்லும். மே மாசம் கமிட்டி கூடும், நான் பேசுகேன். அந்தப் பாட்டுக்காக வேண்டியாக்கும், உம்ம குலைக்காக இல்ல. கேட்டேரா? இன்னொரு காரியம். இனி அந்த மணியில நீரு கை வச்சா, கையை வெட்டிப்போடுவேன்."

"செரி ஐயா."

எத்தனை பெரிய மனிதர். என் மேல் எத்தனை மரியாதை இருந்தால் இவ்வளவு தூரம் நடந்து வருவார்!

மே 10, ஞாயிறு

கிருஷ்ணமணிக்கு வேலை தரக் கமிட்டி ஒப்புக்கொண்டது. ஜெயசிங் ஓடி வந்து சொன்னான். அக்கா கடைக்கு வந்து என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டுப் போனாள். இதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மே 24, ஞாயிறு

சங்கத்தில் அடுத்த நாடகம் பற்றிப் பேச்சு. ராஜபாய் இந்தத் தடவை பலகைக்கு முன்னால் நிற்பாளாம். அவள் வீட்டில் கேட்டார்களாம். "ஊரே முகத்தப் பாத்தாச்சு, இனி மறச்சு என்ன பண்ண?" என்று அவள் அம்மாவே சொல்லிவிட்டாளாம். செல்வதாஸுக்கு விடுதலை. என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை, பழம் கேட்டார்கள். கொடுத்தேன்.

ஜூன் 1, திங்கள்

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. கிருஷ்ணமணி வேட்டி கட்டி, சட்டைப் பையில் பேனா குத்தி, கடை வழியாகத்தான் போனான். "வாறேன் மாமா" என்றான். மாஸ்டர் என்று கூப்பிட்டேன், வெட்கப்பட்டான். மூன்றாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகளாம்.

காலையிலிருந்து கடைக்கு வந்த ஆளுக்கெல்லாம் கதையைச் சொன்னேன். மேனேஜர் வந்தது, தோளைத் தொட்டது, மணி அடித்தது, அத்தானைப் பாலத்திலிருந்து இழுத்து வந்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது தோன்றியது, ஒன்றை மட்டும் இதில் சரியாக எழுதி வைத்துவிடலாம் என்று. இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

மேனேஜர் சமாச்சாரம் இல்லை. அது போகட்டும், அதற்குத்தான் குலை கொடுத்தாயிற்றே.

பாலத்துச் சமாச்சாரம். கூட்டம் வெளியே போனதைப் பார்த்ததும் மணிக்கயிற்றை விட்டது நிஜம். ஓடினதும் நிஜம். அத்தானைப் பிடிக்க ஓடவில்லை. எல்லாம் என்னால் கெட்டது, நாளைக்குக் காலையில் பையன் பஸ் ஏறுவான், நான் சொன்ன பொய்யும் வெளியே வரும், அதற்கு முன்னால் எங்காவது போய்விட வேண்டும் — இவ்வளவுதான் நினைப்பு. எல்லாருக்கும் முன்னால் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் நான். அங்கே மைல்கல்லின் மேல் உட்கார்ந்தேன். பஸ் வந்திருந்தால் ஏறியிருப்பேன். வரவில்லை.

அத்தான் பின்னால் வந்தார். வீட்டுக்குப் போகிற வழி அவருக்கு அதுதான். என்னைப் பார்த்து நின்றார். வைவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வையவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவர் காதைத் திருப்பிக் கேட்டார். நாலு வரியும் கேட்டார்.

"ஏலே, இது நம்ம பய எழுதினதா?"

"ஆமா அத்தான்."

"அவனாட்டே எழுதினானா, எங்கயாவது பாத்து எழுதினானா?"

"அவனாட்டேதான்."

"எந்திரி."

என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். பாலத்தைத் தாண்டும்வரை விடவில்லை. நடுப்பாலத்தில் ஒன்று சொன்னார். "பீர்மேட்டுக்கு நாளைக்கே எழுதிப்போடணும். பய வரமாட்டான்னு." மேனேஜர் வாக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கிடைக்குமா கிடைக்காதா என்று அவர் கேட்கக்கூட இல்லை. நான் ஒன்றரை மாதம் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த பொய்க்கு அந்தப் பாலத்தில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் கடையில் நாலைந்து பேர் நிற்கும்போது அத்தானும் வந்து நின்றார். நான் அப்போதுதான் பாலத்துக் கட்டத்தில் இருந்தேன், நிறுத்த முடியவில்லை. "அப்பிடியே கையப் புடிச்சு இழுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா," என்றார் அத்தான். "இழுத்துக்கிட்டுத்தான் வந்தான். எனக்குக் கை ரெண்டு நாளு வலிச்சுது."